புகாரே வராத பகுதி

எங்க தெருவுல தண்ணி பகல் பதினொரு மணிக்கு வரும், ஒரு மணிக்கு நின்னுடும். அந்த நேரத்துல வீட்டுல எவ இருக்கா, சொல்லுங்க. பாதிப் பேர் ஆஸ்பத்திரி டூட்டி, மீதிப் பேர் ஆபீஸ், ஃபேக்டரி, ஸ்கூல். எல்லாம் வரிசை வீடுங்க, மாடில டேங்க் வைக்கற வசதியெல்லாம் கிடையாது. பூட்டின வீட்டுக்குள்ள குழாய்க்குத் தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன? இந்த அருமையான நேரத்தைக் குறிச்சுக் குடுத்த மகானுபாவர் வேற யாரும் இல்ல, எங்க வீட்டுக்காரர்தான்.

அவர் பெருநகர வாரியத்துல உறுப்பினர். பெருநகரம்னா நடுவுல இருக்கற பெரிய ஊரும், அதைச் சுத்தி எங்களுது மாதிரி ஏழு சின்ன ஊரும் சேர்ந்தது. ஒவ்வொரு ஊருக்கும் மேயர் உண்டு, ஓட்டு வாங்கி வந்தவங்க. ஆனா தண்ணி, பஸ், குப்பை இந்த மூணும் எல்லைக் கோட்டைப் பாத்து நிக்காதுன்னு சொல்லி, அதை மட்டும் வாரியத்துக்கிட்ட குடுத்துட்டாங்க. வாரியத்துல ஒன்பது பேர், ஒன்பது பேரையும் அரசாங்கமே பாத்து நியமிக்கும். எங்க கிழக்குப் பகுதிக்கு இவர். முப்பது வருஷம் குழாய் இன்ஜினியரா இருந்த மனுஷன். எந்த ரோட்டுக்கு அடியில எந்த வால்வு இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஊர்ல அவருக்கு ‘வால்வு’ன்னுதான் பேரு.

எனக்கு லாண்ட்ரி கடை. வீட்டு முன் ரூம்தான் கடை. ரெண்டு வாஷிங் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, சுவரெல்லாம் ஹேங்கர். நான் பகல் முழுக்க அங்கேயே கிடக்கறேனா, ஒரு நாள் மூணாவது வீட்டு நர்ஸம்மா சாவியோட வந்து நின்னா. “அக்கா, பதினொரு மணிக்கு என் வீட்டுக் குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டுடுங்களேன். டிரம்ல ஒரு சொட்டு இல்ல. டூட்டி முடிஞ்சு ராத்திரி வந்து குளிக்க முடியாம படுக்கறேன்”னா. பாவமா இருந்துது, வாங்கி மாட்டிக்கிட்டேன். அடுத்த வாரம் எதிர் வீட்டுக் கண்டக்டரம்மா குடுத்தா. அப்புறம் டீச்சர். ஒரே வருஷத்துல என் கடைச் சுவத்துல பதினாலு சாவி தொங்குச்சு.

பதினொரு மணி ஆச்சுன்னா நான் மனுஷியே கிடையாது. முதல் வீட்டுல குழாயைத் திறந்து விட்டுட்டு ரெண்டாவது வீட்டுக்கு ஓடுவேன், அதைத் திறந்துட்டு மூணாவது. பதினாலாவது வீட்டுக்குப் போறதுக்குள்ள முதல் வீட்டு டிரம் வழிய ஆரம்பிச்சிருக்கும். திரும்ப ஓட்டம். நடுவுல என் மெஷின் ‘கீ கீ’ன்னு கத்தும். எந்த வீட்டுக் கதவை இழுத்துத் திறக்கணும், எந்த வீட்டு நாய் கடிக்கும்னு எனக்கு அத்துப்படி. எங்க தெருவோட நிக்கல இது. பின் தெருவுல டெய்லர் இதே வேலையைப் பண்றார், பஸ் டிப்போ பக்கம் ஒரு வாட்ச்மேன். கிழக்குப் பகுதில தெருவுக்கு ஒருத்தர் சாவியும் கையுமா அலையறோம்.

இவருக்கு இது தெரியாதான்னு கேப்பீங்க. தெரியாது. காலைல ஏழரைக்குப் போனா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் தலையைக் காட்டுவார். சாவியைப் பாத்து ஒரு தடவை கேட்டார், “துவைச்ச துணியை அவங்கவங்க வீட்டுலயே கொண்டு போய் வெச்சுடற”ன்னு அவரே பதிலும் சொல்லிக்கிட்டார். நான் வாயைத் திறக்கல. ஏன்னா, ‘தண்ணி உறுப்பினர் வீட்டு வாசல்லயே தண்ணிப் பஞ்சம்’னு நாலு பேர் பேசிச் சிரிச்சுடுவாங்களோன்னு பயம். அவர் பேர் கெட்டுடக் கூடாதுன்னு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவ நான்தான். அதையும் சொல்லணும்ல.

நேரத்தைப் பத்தி மட்டும் சொல்லிப் பாத்தேன். ஒரு தடவை இல்ல, ஒம்போது தடவை.

“ஏங்க, பதினொரு மணிக்கு யாருங்க இருக்கா வீட்டுல? காலைல விடக் கூடாதா?”

“காலைல ஆறு மணிக்கு மேற்குப் பகுதி முழுக்கத் தண்ணி இழுக்கும். நமக்கு அழுத்தம் இருக்காது. பதினொண்ணுதான் சரியான நேரம். சரியில்லன்னா புகார் வந்திருக்குமே? நாலு வருஷமா கிழக்குல ஒரு புகார் கூட இல்ல தெரியுமா?”

“நான் இப்ப சொல்றது என்னவாம்?”

“நீ என் பெண்டாட்டி. புகார்னா எழுத்துல குடுக்கணும்.”

கையில இஸ்திரிப் பெட்டி இருந்துது. அன்னைக்கு அவர் தப்பிச்சது அவர் செஞ்ச புண்ணியம்.

இப்படி ஓடிக்கிட்டு இருந்தப்பதான் அரசாங்கத்துலேர்ந்து கடுதாசி வந்துது. இனிமே வாரியத்துக்கு ஆளுங்களை நியமிக்கறதா, இல்ல ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறதா? ஜனங்களைக் கூட்டிக் கேட்டு, வாரியமே ஓட்டெடுத்து முடிவைச் சொல்லணும், அதன்படி சட்டம் போடறோம்னு. ஒன்பது பேர்ல நாலு பேர் தேர்தல் வரட்டும்னாங்க, நாலு பேர் கூடவே கூடாதுன்னாங்க. ஒன்பதாவது ஆள் வால்வு. அவர் எந்தப் பக்கம்னு யாருக்கும் சந்தேகமே இல்ல.

வீட்டுல ஒரே பிரசங்கம். “தண்ணிக்குக் கட்சி தெரியாது, சரிவுதான் தெரியும். எலெக்ஷன் வந்தா எங்க அழுத்தம் வேணுமோ அங்க குழாய் போகாது, எங்க ஓட்டு இருக்கோ அங்க போகும். மேயருங்க எலெக்ஷனுக்கு எலெக்ஷன் ஒரே ரோட்டை நாலு தடவை தோண்டறதை நீயே பாத்தியே?”

பாத்தேன்தான். அவர் சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா அவருக்கு உள்ளுக்குள்ள வேற ஒரு பயம் இருந்துது, அது எனக்குத் தெரியும். ரயில் பாதைக்கு அடியில கிழக்குக்குன்னு புதுசா ஒரு பெரிய குழாய் போட்டுக்கிட்டு இருக்கார். பாதி முடிஞ்சிருக்கு. அந்தக் குழாய்தான் அவருக்கு உசுரு. ஞாயித்துக்கிழமை கூட பூட்ஸை மாட்டிக்கிட்டுக் குழிக்குள்ள இறங்கிடுவார். எலெக்ஷன்னு வந்தா இந்த மனுஷன் ஜெயிப்பாரா? நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கு மேல ஒட்டிக்கும். எங்க கல்யாணத்துல ‘நன்றி’ன்னு மூணு எழுத்து சொல்றதுக்கே மூணு தடவை தண்ணி குடிச்சவர். பதவி போயிடும். குழாய் வேற எவன் கைக்கோ போயிடும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்ப ஒரு பேப்பரைத் தூக்கிக்கிட்டு வந்தார். “இதைத்தான் கூட்டத்துல படிக்கப் போறேன், கேளு”ன்னார். முதல் வரியே, ‘நான்கு ஆண்டுகளில் கிழக்குப் பகுதியில் ஒரு புகார் கூட இல்லை. நியமன முறைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?’

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. அன்னைக்குப் பகல்லதான் ஓடற ஓட்டத்துல ஈரத் தரையில வழுக்கி, முட்டி வீங்கி, எண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன். என் முட்டிதான் சான்றுன்னு அந்தப் பேப்பர்ல எங்கயும் இல்ல.

மறுநாள் காலைல பதினாலு சாவியையும் எடுத்து வீடு வீடாக் குடுத்துட்டேன். “என்னால முடியலம்மா. முட்டியப் பாரு. தண்ணி கிடைக்கலன்னா வாரியத்துல எழுதிக் குடு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.” நர்ஸம்மா முகம் வாடிடுச்சு. கண்டக்டரம்மா மட்டும் என்னையே பாத்தா. “அக்கா, நிஜமாவே முட்டிதானா?”ன்னு கேட்டா. “முட்டியும்தான்”னேன். அவ சிரிச்சுட்டா. பின் தெரு டெய்லருக்கும் நானே போய்ச் சொன்னேன், அவர் டிப்போ வாட்ச்மேனுக்குச் சொல்லிட்டார்.

முதல் நாள் மூணு புகார். ரெண்டாம் நாள் இருபத்தாறு. மூணாம் நாள் எண்பத்தி மூணு.

அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டார். முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துது. செருப்பைக் கூடக் கழட்டாம நாற்காலில உக்காந்தார்.

“ஏதோ சதி நடக்குது. அழுத்தம் சரியா இருக்கு, வால்வு சரியா இருக்கு, நேரம் மாறல. நாலு வருஷமா இல்லாத புகார் திடீர்னு எங்கேர்ந்து வரும்? எலெக்ஷன் வேணும்கறவங்க தூண்டி விடறாங்க.”

“தூண்டி விட்டது யாருன்னு எனக்குத் தெரியும்”னேன்.

“யாரு?”

“நான்தான்.”

எல்லாத்தையும் சொன்னேன். சாவி, ஓட்டம், நாய், டெய்லர், வாட்ச்மேன், முட்டி. அவர் சாவி தொங்கின காலி ஆணியெல்லாம் ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே கேட்டார். கோவப்படுவார்னு நெனச்சேன். நானும் திருப்பிக் குடுக்கத் தயாரா இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னேன். அவர் கடைசி ஆணியையும் பாத்துட்டு, “அப்ப அந்த நாலு வருஷமும் என் வேலை இல்லையா?”ன்னார். குழந்தை மாதிரி கேட்டார்.

“உங்க வேலையும்தாங்க. குழாய்ல தண்ணி வந்துது, அதுக்கு நீங்கதான் காரணம். டிரம்ல ரொம்புச்சு, அதுக்கு நான். ஆனா நீங்க யாரையும் கேக்கல. கேக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்ல. நானும் சொல்லாம மறைச்சேன், அது என் தப்பு.”

“சரி, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. எலெக்ஷன் வந்து நான் நின்னா நீ எனக்கு ஓட்டுப் போடுவியா?”

பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவ, ஒரு பொய் வராதா? வரல.

“இன்னைக்குத் தேதிக்குப் போட மாட்டேங்க.”

ராத்திரி தட்டுல போட்ட சாப்பாடு அப்படியே ஆறிப் போச்சு. அவர் எழுந்து பின்கட்டுக்குப் போயிட்டார். நான் அடுப்படில நின்னு அழுதேன். ஏன்டி வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதான்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

கூட்டம் ஸ்கூல் ஹால்ல. ஃபேன் சத்தத்துல பாதிப் பேச்சுக் காதுல விழல. மேடைல ஒன்பது பேரும் வரிசையா உக்காந்திருந்தாங்க. தலைவர் ரிட்டயர்டு ஜட்ஜ், ஆளுக்கு மூணு நிமிஷம்னு கறாரா மணி அடிச்சார். பாத்திரக் கடைக்காரர் எழுந்து, “நடு ஊர்லதான் ஜனம் அதிகம். எலெக்ஷன் வந்தா அவங்களுக்கு அஞ்சு சீட்டு, நம்ம ஏழு ஊருக்கும் சேர்த்து நாலு. எப்பவும் நமக்குக் கையை விரிச்சுடுவாங்க. இப்ப இருக்கற மாதிரியே பகுதிக்கு ஒருத்தரா இருக்கட்டும்”னார். நிறைய பேர் தலையாட்டினாங்க. எனக்கே சரின்னு பட்டுது.

அடுத்தது கண்டக்டரம்மா, யூனிஃபாரத்தோடயே வந்திருந்தா. “பகுதிக்கு ஒருத்தருன்னே தேர்ந்தெடுக்கலாமே, யார் வேணாங்கறா? என் பஸ் ஒரு நாளைக்கு மூணு ஊரைத் தாண்டுது. மூணு மேயரையும் கேட்டுப் பாத்தாச்சு. எல்லாம் வாரியம்கறாங்க. வாரியத்தை யாரு சார் கேக்கறது? பஸ்ல டிக்கெட் தப்பாக் கிழிச்சா என் சட்டையைப் பிடிச்சுக் கேக்க ஐம்பது பேர் இருக்காங்க. அதனாலதான் நான் சரியாக் கிழிக்கறேன்.” ஹால் கைதட்டுச்சு. மணி அடிச்சுது, அவ காதுல வாங்காம இன்னும் ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் உக்காந்தா.

அப்புறம் ஓட்டெடுப்பு. எதிர்பாத்த மாதிரியே நாலுக்கு நாலு. ஜட்ஜ் எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அவர் எழுந்தார், பேப்பரை விரிச்சார். தண்ணி குடிச்சார், திரும்பவும் குடிச்சார். பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுட்டார்.

“என் பகுதில நாலு வருஷமாப் புகார் இல்ல. அது என்னோட திறமைன்னு நெனச்சேன். எங்க தெருப் பொம்பளைங்க, ஒரு டெய்லர், ஒரு வாட்ச்மேன், இவங்க என் தப்பைத் தினமும் சுமந்திருக்காங்க. என் வீட்டுலயே ஒருத்தி சுமந்திருக்கா, எனக்குத் தெரியல. மேற்குப் பகுதில அரை மணி தள்ளி வெச்சா இங்க அஞ்சரைக்கே தண்ணி தரலாம். நேத்து போய் அவங்களைக் கேட்டேன், ‘தாராளமா’ன்னாங்க. நாலு வருஷத்துல இதை ஒரு தடவை கூட நான் கேக்கல. நான் கேக்காததுக்கு என்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது, அதான். பகுதிக்கு ஒருத்தர், ஜனங்க தேர்ந்தெடுக்கட்டும். என் ஓட்டு அதுக்கு.”

ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டினார். “உங்க பதவி போயிடும், தெரியுமில்ல? குழாய் வேலை பாதில இருக்கு.”

“தெரியும் சார்”னார். அவ்வளவுதான், உக்காந்துட்டார். யானை தன் தலைல தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரின்னு பக்கத்துல ஒருத்தர் முணுமுணுத்தார். நான் அந்தாளைத் திரும்பிப் பாத்த பார்வைல அவர் சீட்டை மாத்திக்கிட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். “நிப்பீங்களா?”ன்னு கேட்டேன். “நிப்பேன்”னார். “தோத்துட்டா?”ன்னேன். “தோத்தா ஏன் தோத்தேன்னாவது தெரியும். நாலு வருஷமா ஏன் ஜெயிச்சேன்னே தெரியாம இருந்துட்டேன்”னு சொல்லிட்டு, என் முட்டி எப்படி இருக்குன்னு கேட்டார். ஒரு வாரத்துல முதல் தடவையா கேட்டார், அதையும் சொல்லிக் காட்டினேன்.

அடுத்த வாரத்துலேர்ந்து தண்ணி காலைல அஞ்சரைக்கு வந்துது. ஆறு மாசத்துல எலெக்ஷன். கிழக்குல ரெண்டே பேர், இவரும் கண்டக்டரம்மாவும். எதிர் எதிர் வீடு, வாசல்ல பாத்தா சிரிச்சுக்குவாங்க, தெரு முனைல போய் ஒருத்தரை ஒருத்தர் வாருவாங்க. இவருக்குப் பேச வராது, அதனால கூட்டமே போடல. ஒரு நோட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனார். நானும் கடையைச் சாத்திட்டுக் கூடப் போனேன். ஜனங்க திட்டினாங்க, நோட்டுல எழுதிக்கிட்டார். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வெளிய வந்து, “நாலாவது சந்துல ஒரு பழைய வால்வு கசியுதாம், எனக்கே தெரியாது!”ன்னு கண்ணெல்லாம் மின்னச் சொல்வார். நான் ஓட்டுப் போட்ட அன்னைக்கு யோசிக்கவே இல்ல, அவருக்குத்தான் போட்டேன். புருஷன்கறதுக்காக இல்ல.

தோத்துட்டார். நாப்பத்தாறு ஓட்டுல.

எனக்கு அழுகையா வந்துது. ஊரையே திட்டினேன், நன்றி கெட்ட ஜென்மங்கன்னு. அவர் ரிசல்ட் பேப்பரை இஸ்திரி மேஜைல விரிச்சு, தெரு தெருவா விரலை வெச்சுக்கிட்டே வந்து ஒரு இடத்துல நிறுத்தினார். மேட்டுத் தெரு. நூத்தி இருபது ஓட்டுல இவருக்கு ஒம்போது.

“அங்க நான் போகவே இல்ல”ன்னார். “புதுக் குழாய் முடியற வரைக்கும் அந்த மேட்டுக்குத் தண்ணி ஒழுங்கா ஏறாது. பதில் இல்லாத இடத்துக்கு என்னன்னு போறதுன்னு விட்டுட்டேன். அவ போயிருக்கா.”

சாயங்காலம் கண்டக்டரம்மாவே வந்தா. உக்காராம நின்னுக்கிட்டே, “சார், குழாய் வேலையை நான் நிறுத்தப் போறதில்ல. நிறுத்தினா என் சட்டையைப் பிடிக்க மேட்டுத் தெரு முழுக்கக் காத்துக்கிட்டு இருக்கு. நீங்க கூட இருந்து முடிச்சுக் குடுங்க. உறுப்பினர் நான், குழி உங்களுது”ன்னா. இவர் சரின்னு தலையாட்டினார். எனக்கு அவ மேல இருந்த கோவம் பாதி அப்பவே போச்சு. மீதி போக இன்னும் ரெண்டு நாள் ஆச்சு.

மறுநாள் காலைல நோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார். “எங்கங்க?”ன்னேன். “மேட்டுத் தெரு”ன்னார். இனிமே அங்க இவருக்கு என்ன வேலைன்னு எனக்குப் புரியல, ஆனாலும் போனேன். ஏத்தம் எனக்கு மூச்சு வாங்குச்சு. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். முப்பது வயசு இருக்கும், ஒருத்தி கைல குழந்தையோட கதவைத் திறந்து, இவரைப் பாத்ததும் குழம்பிப் போயிட்டா.

“வால்வு சார் தானே? எலெக்ஷன்தான் முடிஞ்சு போச்சே சார்?”

“அதனாலதான்மா வந்தேன். ஓட்டுக் கேக்க வரல. உங்க வீட்டுக்குத் தண்ணி எப்படி வருதுன்னு சொல்லுங்க.”

அவ ஒரு நிமிஷம் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்புறம் குழந்தையை என் கைல குடுத்துட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஆரம்பிச்சா பாருங்க, அரை மணி நேரம் நிறுத்தவே இல்ல.